கையை மட்டும் விட்டுடாதீங்க

இனிமேல் இந்த ஜென்மத்தில் நடப்பதில்லை என்று பல்செட்காரர் முடிவெடுத்தது, தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் கண்டித்து அனுப்பிய அன்று சாயந்திரம்தான்.

பல்செட்காரர் என்றால் பல்செட் போட்டவர் இல்லை, செய்கிறவர். காலையில் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தால் இருட்டும் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். மெழுகு உருக்குவது, அச்சில் ஊற்றுவது, பல்லைப் பல்லாக ராவி மெருகேற்றுவது, எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவர் புண்ணியத்தில். வீட்டில் மட்டும் அவர் பல் பிடுங்கின பாம்பு.

மனைவி நேர் எதிர். மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. பகல் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்குவாள். எந்த வீட்டு நாய் எந்த வேளையில் தூங்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள்.

"சர்க்கரை வாசல்ல வந்து நிக்குதாம். உள்ள வராம இருக்கணும்னா தினம் சாயந்திரம் வெளிய போயிட்டு வரணுமாம்."

"வெளிய போகச் சொன்னாரா, நடக்கச் சொன்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா!"

"ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க?"

அடுத்த வாரம் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு சக்கரம். ஒரே ஒரு சக்கரம். இரண்டு பக்கமும் கால் வைக்கச் சின்னதாக ஒரு பலகை.

"மிச்சம் எங்க?"

"மிச்சமே கிடையாது. கரண்ட்ல ஓடற ஒத்தைச் சக்கரம். இதுல ஏறி நின்னுக்கிட்டே டாக்டர் சொன்னபடி வெளிய போயிட்டு வரலாம்."

"ஹேண்டில்?"

"இல்ல."

"சீட்டு?"

"இல்ல."

"பிரேக்காவது இருக்கா?"

"உடம்புதான் பிரேக்கு. முன்னால சாஞ்சா ஓடும். பின்னால சாஞ்சா நிக்கும்."

"சோபாவுல சாய்ஞ்சே பழகினவருக்கு இது எங்க ஓடப் போகுது?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பயிற்சி, அடுக்குமாடியில் அவர்கள் வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதையில் ஆரம்பமானது. ஒரு கை சுவரில், ஒரு கால் பலகையில். பல்செட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். சக்கரம் போனது. அவர் போகவில்லை.

மறுபடி ஏறினார். இந்தத் தடவை அவர் போனார். சக்கரம் வரவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர் கதவைத் திறந்தார்.

"என்ன சார், விழுந்துட்டீங்களா?"

"இல்ல, இறங்கினேன்."

"இந்த மாதிரி இறங்கறவங்களுக்குன்னே எங்கிட்ட ஒரு பாலிசி இருக்கு சார்."

விழுந்தால்கூடப் பரவாயில்லை. விழும்போதெல்லாம் பலகை திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு போடு போட்டது. ஒரே இடத்தில், குறி தவறாமல். மனைவி பழைய சோபா மெத்தையை வெட்டி இரண்டு காலிலும் வைத்துக் கட்டிவிட்டாள். கட்டும்போது அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று பல்செட்காரர் நெகிழ்ந்து குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் மனிதர் விடவில்லை. காலைப் பார்த்தால் விழுவோம், தூரத்தைப் பார்த்தால் நிற்போம் என்கிற சூட்சுமம் ஒரு நாள் பிடிபட்டது. பிறகு, நடைபாதைக் கோடியில் இருந்த ஜன்னலையே முறைத்துக்கொண்டு அவர் சுவரை விட்டார். தரை தானாக நழுவியது. ஆள் அப்படியே நின்றார். உடம்பு அவருக்குப் பாரமாகத் தெரியாதது எத்தனையோ வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஜன்னலில் போய் மோதினார் என்பது வேறு விஷயம்.

அப்புறம் தினமும் பார்க். ஒரு சுற்று ஓட்டுவார், பெஞ்சில் உட்காருவார், காற்று வாங்குவார், வருவார். கால் தரையில் படவேயில்லை. பெல்ட் மட்டும் ஒவ்வொரு ஓட்டையாக வெளியே நகர்ந்தது. மனைவி அந்த பெல்ட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் உஷாராக வேண்டும் என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

"என்னங்க, எனக்கும் இதைக் கத்துக் குடுங்களேன்."

பல்செட்காரருக்குக் காது இனித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரிந்தது எல்லாம் அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. இப்போதுதான் அவளுக்குத் தெரியாத ஒன்று அவர் கையில், இல்லை, காலடியில் கிடைத்திருக்கிறது.

"இது கஷ்டம்மா. ரொம்பப் பொறுமை வேணும்."

"உங்ககூடக் குடும்பம் நடத்தற பொறுமை போதுமா?"

மறுநாளே பாடம் ஆரம்பம். அவள் சக்கரத்தில் நின்றாள். அவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். சக்கரம் மெதுவாக உருண்டது. அவரும் கூடவே போனார்.

"காலைப் பாக்காதே. தூரத்தைப் பாரு. ஆங், அப்படித்தான். இப்ப விடறேன் பாரு..."

"ஐயோ, விட்டுடாதீங்க! விழுந்துடுவேன்! கையை மட்டும் விட்டுடாதீங்க!"

அவர் விடவில்லை. பார்க்கை ஒரு சுற்று வந்தார்கள். மறுநாள் இரண்டு. அப்புறம் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. அவள் ரொம்ப மந்தமான மாணவி. வாரங்கள் போயின. விரலைத் தளர்த்தினாலே கூச்சல் போட்டாள். பல்செட்காரர் பெருமையாகப் பெருமூச்சு விட்டார். எல்லாருக்கும் எல்லாமும் வந்துவிடுமா?

ஒன்றை மட்டும் அவர் வெளியே சொல்லவில்லை. அந்தச் சாயந்திரங்கள் அவருக்குப் பிடித்துப்போயின. ரோட்டைத் தாண்டுவதற்கு அல்லாமல் அவள் கையைக் கடைசியாக எப்போது பிடித்தார் என்றே அவருக்கு ஞாபகமில்லை. அவள் மூன்றாவது மாடிக் கிழவர் மீட்டரை மறைத்துத் துணி காயப் போடுவதைச் சொல்லுவாள். அவர், புதுப் பல்லைப் போட்டுக்கொண்டதும் மனைவியிடம் சண்டைக்குப் போன மனிதரைப் பற்றிச் சொல்லுவார். ஒரு நாள் அவள் தூரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க உடம்பைக் கெடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துட்டா, நான் வீட்டுல யாரைத் திட்டறது?"

"சுவரைத் திட்டேன்."

"சுவர் முழிக்காதே. திட்டினா முழிக்கணும்."

கொஞ்ச நாளில் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தார். பல்செட்காரரைப் பார்த்தார். மறுபடி ரிசல்ட்டைப் பார்த்தார்.

"பிரமாதம்! நல்லா நடக்கறீங்க போலிருக்கே?"

"நடையா? நானா? எல்லாம் சக்கரம் டாக்டர்! ஓட்டினதுல வந்த குணம்."

பக்கத்து நாற்காலியில் மனைவி சுவரில் இருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு பல் டாக்டருக்கு அவசரமாக ஒரு மேல்செட் தேவைப்பட்டது. பல்செட்காரர் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார். நடந்தே கிளம்பினார். அதை அவர் கவனிக்கவில்லை. பத்து மணி வெயில். தெரு திரும்பினார். திரும்பியவர் ஒரு லைட் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

ஒற்றைச் சக்கரத்தில் மனைவி வந்துகொண்டிருந்தாள்.

தனியாக. இரண்டு கையும் காற்றில். ஒரு கையில் ரீடிங் எடுக்கிற மெஷின், காதில் போன், போனை அமுக்கிப் பிடித்த தோள். ஒரு கேட்டின் முன்னால் அரை வட்டம் அடித்து நின்றாள். எட்டிப் பார்த்தாள், பட்டனைத் தட்டினாள். நாய் ஒன்று பாய்ந்து வந்தது. அவள் இடுப்பை லேசாக ஒடித்தாள். சக்கரம் பின்னாலேயே போனது. நாய் குழம்பிப் போய் உட்கார்ந்துவிட்டது.

பின்னால் ஓட்டுவது பல்செட்காரருக்கே இன்னும் வரவில்லை.

சாயந்திரம் வீட்டு மாடிப்படியில் இன்சூரன்ஸ்காரரை மடக்கினார்.

"எங்க வீட்டம்மா சக்கரம் ஓட்டறாங்களா?"

"உங்களுக்குத் தெரியாதா சார்? முதல் வாரமே வந்துடுச்சே! நீங்க வேலைக்குப் போனதும் மொட்டை மாடியில எட்டு போட்டுப் பழகினாங்க."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி ஒரு பாலிசி எடுத்துக்கிட்டாங்க சார்." குரலைத் தாழ்த்தினார். "உங்க பேர்லதான்."

பல்செட்காரர் படியிலேயே உட்கார்ந்தார். முதலில் கோபம் வந்தது. அப்புறம் டாக்டரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் அந்தக் காலண்டர். இத்தனை நாள் பார்க்கில் ஓட்டியது யார், நடந்தது யார் என்று மெதுவாகப் புரிந்தது. கோபம் எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் ஒரு ஆண்பிள்ளைக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? இன்றைக்கே, பார்க்கிலேயே, குட்டை உடைத்துவிடுவது என்று எழுந்தார்.

திட்டம் சுலபம். பாதி வழியில் கையை விடுவது. அவள் விழாமல் நிற்பாள். 'என்ன, மாட்டிக்கிட்டியா?' என்று கேட்டுவிடலாம்.

அன்றைக்கும் அவள் சக்கரத்தில் ஏறினாள். பயந்த முகம், நடுங்கும் முழங்கால், எதிலும் குறையில்லை. பார்க்கின் சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் பல்செட்காரர் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு கையை விட்டார்.

"ஐயோ!" என்றாள் அவள். சக்கரம் சரிவில் இறங்கியது. "என்னங்க! நிறுத்தத் தெரியலையே! பிடிங்க! என்னங்க!"

நடிப்புதான். அவருக்கு நன்றாகத் தெரியும். காலையில்தான் கண்ணால் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் சரிவின் அடியில் கேட், கேட்டுக்கு வெளியே ரோடு, ரோட்டில் லாரி. குரலோ நிஜமான குரல் மாதிரியே இருந்தது. ஒருவேளை நிஜமாகவே...

பல்செட்காரர் ஓடினார்.

"பின்னால சாயி! பின்னால சாயும்மா!"

சக்கரம் கேட்டுக்கு முன்னால் வளைந்து திரும்பிப் பூச்செடிகளைச் சுற்றிக்கொண்டு போனது. அவரும் போனார். ஊஞ்சலைச் சுற்றியது. அவரும் சுற்றினார். "பிடிங்க, பிடிங்க" என்கிற கூச்சல் மட்டும் எப்போதும் அவருக்கு இரண்டு முழம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பார்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, பெஞ்சுக்கு எதிரே அலுங்காமல் குலுங்காமல் நின்றது சக்கரம். அவள் பூப்போல இறங்கினாள். அவர் வந்து சேர்ந்தார். பேச வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது.

அவள் முந்தானையால் அவர் நெற்றி வேர்வையை ஒற்றினாள்.

"பரவால்லையே, உங்களுக்கு ஓடவும் வருதே! நாளையிலேருந்து நான் கொஞ்சம் வேகமா ஓட்டறேன்."