காவேரி கேட்ட வீணை

இனிமேல் இந்த வீட்டில் பாட்டு சிதறிக் கிடக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது நான் எடுத்த முடிவு இது.

சாதாரணச் சிதறல் இல்லை. பீரோவுக்கு அடியில் கேசட். டிவிக்குப் பின்னால் சிடி. சட்டைப் பையில் பென் டிரைவ்; அதையும் என் மனைவி காவேரி, சட்டையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டு, பாட்டெல்லாம் வெளுத்துப் போனது. நான் குப்புராஜ். பென்னாகரம் கடைத்தெருவில் மோட்டார் பம்பு விற்கிறவன். கிணற்றுத் தண்ணீரை மேட்டுக்காட்டுக்கு ஏற்றத் தெரிந்தவனுக்கு, ஒரு பெட்டியிலிருந்து பாட்டை அறை அறையாகக் கொண்டுபோகத் தெரியாதா?

"வூட்டுல செர்வர் ஒண்ணு வெக்கப் போறேன்," என்றேன்.

"சர்வரா? அப்ப இத்தன வருசமா நான் என்ன வேல பாக்கறனாம்?"

"அந்த சர்வர் இல்ல காவேரி. இது பாட்டு பரிமாறும். எல்லாப் பாட்டும் ஒரே பெட்டியில. நீ அடுப்படியில கேக்கலாம், நான் மொட்டை மாடியில கேக்கலாம்."

"போன்ல தேடுனா வருதுங்களே."

"அதுல தரம் கொறஞ்சிரும். இது லாஸ்லெஸ்."

"நட்டமில்லாததுங்களா? நீங்க வாங்கிட்டு வந்ததுல எது நட்டமில்லாம இருந்துச்சு?"

இதற்கு மேல் அங்கே நிற்கக் கூடாது என்று தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பூவரசன் பொறுமையாகச் சொன்னான்.

"உள்ளங்கை அளவுல பெட்டி இருக்குதுங்கண்ணா. சத்தம் வராது, சூடு ஆவாது. அது வேண்டாம்னா, வூட்டுல கெடக்கற பழைய கம்ப்யூட்டர்லயே பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டு ஓட்டலாம். ஆனா அடுப்பாட்டம் காயும்."

உள்ளங்கைப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஆசை பொங்கியது. கையில் வைத்துத் தடவினேன். குழந்தை மாதிரி இருந்தது. போனில் காவேரியிடம் அனுமதி கேட்டேன்.

"பழசே போதும். அதை எடைக்குப் போடலாம்னாலும் வாங்க ஆளில்ல," என்றாள்.

ஹார்ட் டிஸ்க்கோடு வீடு திரும்பினேன்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர், எங்கள் மகள் ஐஸ்வர்யா பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அவள் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டாள். அது போகவில்லை. படுத்த வாக்கில் கிடக்கிற ரகம். ஹாலில் வைக்கலாம் என்றேன். அதன் காற்றாடிச் சத்தத்தில் சீரியல் கேட்காது என்று சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குத் தள்ளினாள் காவேரி.

பாட்டை ஏற்றுவது சுலபம். பெயர் வைப்பதுதான் கொடுமை. பெட்டியைப் பொறுத்தவரை எல்லாப் பாட்டும் 'டிராக் ஒன்று'. பாடியவர் 'தெரியாதவர்'. தெரியாதவர் என்ற அந்த மகா கலைஞர் நாதஸ்வரம் வாசித்தார், வில்லுப்பாட்டு சொன்னார், தேவைப்பட்டால் பெண் குரலிலும் பாடினார். தினமும் கடை சாத்தி வந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைத்தேன். என் உயிருக்கு உயிரான வீணைக் கச்சேரிகளைத் தரம் குறையாமல் பெரிய பைல்களாக ஏற்றினேன். முடிப்பதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. போர்வைக்கு வெளியே மூக்கை நீட்ட முடியாத குளிர்.

எல்லாம் தயார். கேட்கத்தான் ஆள் இல்லை. பெட்டியிலிருக்கும் பாட்டைக் கேட்கிற ஆப்பைக் காவேரி போனிலும் போட்டுக் கொடுத்தேன். "சரி சரி" என்று வாங்கி மிக்ஸி பக்கத்தில் வைத்துவிட்டாள்.

யார் எதைக் கேட்டார்கள் என்று பெட்டி குறித்து வைக்கும். ஒரு நாள் காலையில் சும்மா பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. 'காவேரி போன். வீணைக் கச்சேரி. இரவு முழுவதும்.'

வீணையா? இரவு முழுவதுமா? என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டவள் யார்? மறுநாளும் பார்த்தேன். அதே கச்சேரி. அதற்கடுத்த நாளும். எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றரை எச்பி மோட்டார் கேட்டவருக்கு மூன்று எச்பியை எடுத்துக் காட்டினேன்.

சாயங்காலம் நைசாகக் கேட்டேன். "காவேரி, ராத்திரியில வீணை போடறியா?"

"ஏன், போடக் கூடாதுங்களா?"

"தாராளமாப் போடு. எப்படி இருக்குது?"

"நல்லா வருதுங்க."

"எது நல்லா வருது?"

"எல்லாந்தான்."

கலியாணமாகி இத்தனை காலத்தில் என் ரசனையை அவள் இப்படி ஒத்துக்கொண்டதே இல்லை. அடுத்த கேள்வியில் அசந்தே போனேன்.

"ஏங்க, சின்ன பைலு, பெரிய பைலுன்னீங்களே. பெருசுன்னா பெட்டி ரொம்பப் பாடுபடுமோ?"

"ஆமா! உன் போனுக்கு ஏத்த மாதிரி அதை மாத்திக் குடுக்கணும். மூச்சு முட்டிரும்."

"அப்ப இருக்கறதுலயே பெருசா நாலு கச்சேரி போட்டுக் குடுங்களேன். சின்னதுல அவ்வளவா எடுக்கல."

என் கண் கலங்கிவிட்டது. சின்ன பைலுக்கும் பெரிய பைலுக்கும் வித்தியாசம் தெரிகிற காது பென்னாகரத்தில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். என் வீட்டிலேயே இன்னொரு ஜோடி! இருந்த கச்சேரிகளிலேயே பெரியவற்றைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

ஆனாலும் ஒரு கேள்வி குடைந்தது. வீட்டில் சத்தமே இல்லையே, இவள் எந்தக் காதால் கேட்கிறாள்?

விடிகாலை அவள் வாசல் தெளிக்கப் போனதும் சின்ன அறைக்குள் நுழைந்தேன். செர்வரைக் காணோம். அது இருந்த இடத்தில் என் பழைய சால்வை மூட்டையாக இருந்தது. விலக்கினேன். செர்வர் மேல் எவர்சில்வர் குண்டா. குண்டாவில் இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. பக்கத்தில் அவள் போன், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, வீணை வாசித்துக்கொண்டிருந்தது.

"காவேரீ!"

ஈரக் கையோடு வந்தாள். "கத்தாதீங்க, மாவு அமுங்கிரும்."

"இது செர்வர்! இதுக்கு மேல மாவா?"

"குளிருக்கு மாவு பொங்கறதே இல்லீங்க. இது மேல வெச்சா கும்முனு வருது. சின்னப் பாட்டு போட்டா வெதுவெதுன்னு இருக்குதே ஒழிய, சூடு பத்தல. உங்க வீணைக்குத்தான் நல்லாக் காயுது."

மானமுள்ள ரசிகன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். அன்று படுக்கும் முன் செர்வரை அணைத்தேன். மறுநாள் காலை தட்டில் இட்லி விழுந்தது. 'டங்' என்று சத்தம் வந்தது. ஒன்றைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூன்றாம் நாளும் அதே டங். நான்காம் நாள் நானே செர்வரைப் போட்டு, நானே வீணையைத் தேடி எடுத்து, சால்வையையும் நானே போர்த்தினேன்.

ஆனால் எனக்கும் மூளை இருக்கிறது. பொங்கலுக்குக் கம்பைநல்லூரிலிருந்து அவள் தங்கை குடும்பம் வருகிறது என்று தெரிந்ததும் காயை நகர்த்தினேன்.

"அத்தன பேருக்கு இந்தப் பெட்டி தாங்காது காவேரி. இது மாவுக்கே இருக்கட்டும். பாட்டுக்குத் தனியா ஒண்ணு வாங்கிரலாம்."

மறுக்கப் போகிறாள் என்று பதில்களோடு தயாராக இருந்தேன். "சரிங்க, நானும் வரேன்," என்றாள். உள்ளங்கைப் பெட்டி என் கைக்கு வந்தே விட்டது! பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட அவளுக்கே கொடுத்தேன்.

கடையில் பூவரசன் நான் ஆசைப்பட்ட அதே பெட்டியை எடுத்து வைத்தான். காவேரி புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது சூடாவுமா தம்பி?"

"நாள் பூரா ஓடுனாலும் ஜில்லுனு இருக்குமுங்கக்கா!" என்றான் பூவரசன், என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே.

"அப்ப இது வேண்டாம். அந்தா, மூலையில ஒண்ணு தடியாக் கெடக்குதே?"

"அதுங்களா? ஏதோ ஆபீசுல கழிச்சுப் போட்டதுங்கக்கா. அனல் கக்கும்."

"அதைக் குடுங்க."

பூவரசன் பரிதாபமாக என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் அவளிடமே கேட்டான்.

"ஹார்ட் டிஸ்க் எத்தன டிபி போடட்டுங்கக்கா?"

காவேரி கட்டைப் பைக்குள் கைவிட்டு, வீட்டிலேயே பெரிய குண்டாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"பத்து லிட்டரு."