அம்மாவுக்கு, அடுப்பு மெழுகிய விஷயமாக

மாதுங்கா, பம்பாய்
வியாழக்கிழமை ராத்திரி

அம்மாவுக்கு ஷ்யாமளா செய்யும் நமஸ்காரம். இங்கே உங்கள் பிள்ளை, பேரன், நான், புது அடுப்பு எல்லோரும் சௌக்கியம். அங்கே அப்பாவின் முழங்கால் வலியும் சின்னப் பசுவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. அடுப்புப் புகையில் குழந்தை இருமி இளைத்துப் போகிறானாம் என்றும், காலேஜ் லீவில் இருக்கும் கிட்டுவை மாசக் கடைசியில் அனுப்பி தன் மன்னியையும் குழந்தையையும் அழைத்துவரச் சொல்வதாகவும், யுத்தம் முடியும் வரை நானும் குழந்தையும் கல்பாத்தியிலேயே இருந்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது மாடிவீட்டுப் பாகீரதி மாமி வழியாக வந்த செய்தியாகத்தான் இருக்கவேண்டும். அவள் தங்கை உங்கள் அடுத்தாத்தில்தானே இருக்கிறாள். மாமி எழுதியதில் புகை நிஜம், இருமல் பொய். யுத்தம் எப்போது முடியும் என்பதோ ஒருவருக்கும் தெரியாது. அதனால் நடந்ததை ஆதியோடந்தமாக நானே எழுதிவிடுகிறேன்.

மண்ணெண்ணெய் கண்ணால் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. கரிக்கும் கியூ. இவர் ஆபீசில் யாரோ சொன்னார்கள் என்று தாராவிப் பட்டறை ஒன்றில் இரும்பு விறகடுப்பு செய்து வாங்கிவந்தார். என் இடுப்பு உயரம். மேலே இரண்டு கண், விறகு போட ஒரு கதவு, கதவுக்குக் கீழே காற்றுக்காக வரிசையாக ஓட்டைகள், பின்னாலிருந்து ஜன்னல் வழியாகப் புகை போக ஒரு குழாய். முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளியில் பருப்பும் சாதமும் ஆகி, மிச்சத் தணலில் குழந்தைக்குப் பாலும் காய்ந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் உங்களுக்கு எழுதினேன். நீங்களும் மறு தபாலிலேயே, இரும்பானாலும் தங்கமானாலும் அடுப்பு அடுப்புதான், சமையலானதும் சாதம் பட்ட பத்துப் போக அலம்பி, சாணியால் மெழுகி, கோலம் போடாமல் படுக்கக்கூடாது என்று எழுதினீர்கள்.

நீங்கள் சொல்லி நான் செய்யாமல் இருப்பேனா? பால்காரப் பையா எருமைச் சாணிதான் உண்டு என்றான். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவையும் செலவழித்துப் பசுஞ்சாணி வாங்கினேன். முன்பக்கம், பின்பக்கம், கால்கள் எல்லாம் மெழுகினேன். கீழே அந்த ஓட்டைகள் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி அசிங்கமாகத் தெரிந்தன. அதை அப்படியே விட்டால் நாலு பேர் அரைகுறை வேலை என்பார்களே என்று அதையும் வழவழவென்று அடைத்து மெழுகி, அதன்மேல் ஒரு தாமரைக் கோலமும் போட்டேன். பார்த்திருந்தால் நீங்களே மெச்சியிருப்பீர்கள்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது புகை. விறகு ஈரமாக்கும் என்று வெயிலில் காயப்போட்டேன். காய்ந்ததை மடிக்காகத் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்தேன். ஊதுகுழலால் ஊதியதில் சாம்பல் என் முகத்துக்கும் என் கண்ணீர் குழம்புக்கும் போயிற்று. விறகு போதவில்லையோ என்று இன்னும் திணித்தேன். எரியாமலே கரியானதுதான் மிச்சம். ராத்திரி ராத்திரி ஒரு குறையும் வைக்காமல் மறுபடி மெழுகினேன். இவர், குழாய்தான் குட்டை என்று தீர்மானித்து நீட்டிவிட்டார். நீட்டிய நுனி நேரே பாகீரதி மாமி கொடியில் உலர்த்திய மடிப்புடவைக்கு அடியில் போய் நின்றது. மாமி படியிறங்கி வந்து, "ஏண்டி ஷ்யாமளா, உங்காத்துல தெனம் ஹோமமா? ஒரு வார்த்தை சொன்னா எங்காத்து மாமாவும் தட்சிணைக்கு வந்திருப்பாரே" என்றாள். அன்று சாயங்காலமே எங்கள் கட்டிடத்து ஏ.ஆர்.பி. வார்டன் ஜம்பு மாமா, ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்து, மணல் வாளியை அடுப்புக் கண்ணில் கவிழ்த்தார். கண்ணில் சாதப்பானை இருந்தது. அன்று எல்லோருக்கும் அவல். குழந்தை மட்டும் கூடத்துத் தூளியிலிருந்து கைகொட்டிச் சிரித்தான். அவனை அங்கேயே விட்டு நடுக்கதவைச் சாத்திக்கொண்டுதான் நான் சமைக்கிறேன், கேட்டேளா.

அப்புறம் நான் விலகியிருக்கவேண்டிய மூன்று நாள் வந்தது. சமையல் உங்கள் பிள்ளை கையில். அடுப்பை மெழுகவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முதல் வேளை அவரும் என்னைப் போலவே அழுதார். அடுத்த நாள் புகை குறைந்தது. மூன்றாம் நாள் அடுப்பு ஜம்மென்று எரிகிறது! "பி.ஏ. படிச்சா மட்டும் போறாது. எதுக்கும் கைராசி வேணும்" என்கிறார், கரண்டியைச் சுழற்றிக்கொண்டு. நான் பால்கனி மூலையில் பாயோடு உட்கார்ந்து வெந்துபோனேன். பொறுக்காமல் சமையலறை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். காய்ந்த சாணி பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, தாமரை போன இடத்தில் ஓட்டைகள் திறந்து, உள்ளே தணல் செக்கச் சிவந்திருந்தது. எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடிக் குடுவையால் மூடி, காற்றில்லாவிட்டால் தீ இல்லை என்று காட்டிக் காலேஜில் மார்க் வாங்கியவள் நான். அந்த மார்க்கை இப்போது யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

உங்கள் பேரில் தப்பே இல்லை அம்மா. மண்ணடுப்புக்கு நீங்கள் சொன்னது வேதவாக்கு. இது வேறு ரகம், அவ்வளவுதான். இப்போது ஈரத்துணியால் துடைத்து, எதிரே தரையில் கோலம் போடுகிறேன். விறகை விரல் பருமனாகப் பிளந்து, அடுப்பின் பக்கத்திலேயே உலர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறேன். பற்றிக்கொண்டதும் கதவைச் சாத்திவிட்டால் தானே நின்று எரிகிறது. பாதி விறகு மிச்சம். பாகீரதி மாமியே வந்து, தனக்கும் ஒன்று செய்யச் சொல்லமுடியுமா என்று கேட்டுப் போனாள்.

ஆகையால் கிட்டுவை அனுப்பவேண்டாம். இவருக்கு அடுப்பு மூட்ட வந்தது நிஜம், ஆனால் அந்த மூன்று நாளும் ரசம் என்று அவர் ஊற்றியதை நான் எழுதமாட்டேன், பெற்றவளுக்கு மனசு கேட்காது. "போயிட்டுதான் வாயேன்" என்று வாயால் சொல்கிறார். சொல்லிவிட்டுப் பேப்பரில் ஒரே பக்கத்தைச் சாயங்காலம் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. உங்களிடம் சொல்ல வெட்கம் என்ன?

அப்பாவுக்கு எங்கள் நமஸ்காரம். கிட்டுவுக்கு ஆசி. பேரனின் கைகளைக் கூப்பிவைத்து உங்கள் இருவருக்கும் நமஸ்காரம் சொல்லச் சொன்னேன். ஒரு கையை வாயில் போட்டுக்கொண்டு மற்றதால் சொன்னான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
ஷ்யாமளா

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுதும்போது இவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "கிட்டு எதுக்கு? இங்கேயே வந்து எங்களோட இரும்மான்னு அம்மாவுக்கு நேத்தே எழுதிப் போட்டாச்சே. நீ போயிட்டா எனக்கு இங்க யாரு இருக்கா?" என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், "நீ எப்ப அடுப்பை விட்டு வந்தே?" என்கிறார். ஆகையால் அம்மா, மேலே எழுதியதில் ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ளவேண்டாம். அடுப்பு எனக்கு இன்னும் பிடிபடவே இல்லை. புகை தாங்கவில்லை. குழந்தை வேறு இருமுகிறான். நீங்கள் வந்து கற்றுக்கொடுத்தால்தான் உண்டு. உடனே புறப்படவும். பசுஞ்சாணிக்கு நாளைக் காலையிலேயே பையாவிடம் சொல்லிவைக்கிறேன்.