ஏலக்காய் ஸ்டோருக்குப் போன ஸ்நூக்கர் கம்புகள்

படித்த படிப்பை வீட்டில் காட்டாதவர்கள் பாக்கியசாலிகள். நான் மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்.சி. முடித்துவிட்டு, அதை என் அப்பாவின் ஸ்நூக்கர் ஹாலில் காட்டினேன். (தங்க மெடல் எல்லாம் கிடையாது. அரியர் இல்லாமல் பாஸ் செய்தேன். எங்கள் தெருவுக்கு அதுவே விஞ்ஞானி.)

போடியில், ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் அப்பாவின் ஹால். இரண்டு டேபிள், பதினொரு கியூ. கியூ என்றால் பந்தை அடிக்கும் நீளக் கம்பு. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது வெறும் கம்புதான். சாயங்காலமானால் ஏலம் முடித்த வியாபாரிகளும், மலையிலிருந்து ஜீப்பில் இறங்கிய எஸ்டேட் மேஸ்திரிகளும் ஏலக்காய் மணக்க மணக்கப் படியேறி வருவார்கள். அப்பா வாய் ஓயாமல் பேசுவார். ஆடத் தெரியாதவனுக்கு ஆலோசனை, ஆடத் தெரிந்தவனுக்குக் கிண்டல். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதிய நாட்கள் எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கின்றன.

கொரோனா வந்து ஹாலைப் பூட்டினார்கள். அப்பாவின் வாயும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. நான் பெங்களூரு லேப் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா தினமும் காலையில் ஹாலுக்குப் போவார், யாரும் ஆடாத டேபிளின் பச்சைத் துணியை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்வார், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருவார். மூணாறில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு டேபிளையும் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, சுகாதார ஆய்வாளர் நேரில் பார்த்துச் சரி என்றால் திறக்கலாம் என்றார்கள். அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றாரு. சரின்னா தெறங்க. இல்லைன்னா மறுநாளே மூணாறுக்காரருக்கு டேபிளக் குடுத்துருங்க. இப்பிடிப் பேயறைஞ்ச மாதிரி நீங்க உக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியல."

அப்பா தலையாட்டினார். நான் எழுந்து நின்றேன். "கவலைப்படாதீங்கப்பா. இது என் சப்ஜெக்ட்டு." (அந்த வாயை யாராவது அப்போதே தைத்திருக்கலாம்.)

வாசலில் சானிடைசர், தரையில் இடைவெளிக் கோடு, பந்துகளுக்குச் சோப்புக் குளியல். இதுவரைக்கும் குறையில்லை. அடுத்து, கம்பு நுனியில் தேய்க்கும் நீலச் சாக்குக்கட்டி. பத்துப் பேர் கைபட்டதாயிற்றே என்று அதையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் கட்டியைக் காணோம். பாத்திரம் நிறைய நீலச் சட்னி. அம்மா எட்டிப் பார்த்தாள். "கிருமி செத்துருச்சு. கூடவே கட்டியும் செத்துருச்சு."

அதோடாவது நிறுத்தியிருக்க வேண்டும். கம்புகள் பாக்கி இருந்தனவே. மரத்தைத் தண்ணீரில் போடக்கூடாது என்கிற அளவுக்கு அதற்குள் அறிவு வந்திருந்தது. மருந்து போட்டுத் துடைத்தால் பாலீஷ் போய்விடும் என்று அப்பா சொல்லியிருந்தார். மிச்சம் என்ன? சூடு! சூட்டில் வைரஸ் சாகும். போடிக்காரிக்குச் சூடு என்றதும் வேறென்ன ஞாபகம் வரும்? ஸ்டோர்தான். மலையில் பறித்த பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, கதவைச் சாத்தி, விறகு மூட்டிக் காயவைக்கும் அறை. என் தாய்மாமாவுக்குப் போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு ஸ்டோர் உண்டு.

புதன்கிழமை கம்புகளைச் சாக்கில் சுற்றினேன். அப்பாவிடம், "கிருமி நீக்கக் கொண்டு போறேன்" என்று மட்டும் சொன்னேன். பதினொன்றில் ஒன்று அவருடைய சொந்தக் கம்பு. கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கியது. அம்மாவைக்கூடத் தொட விடமாட்டார். அதைத் தானே துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"பாத்துக் கொண்டு போ தாயி" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

ஸ்டோரில் விறகு போடும் மலையாளி ஜோசப் சேட்டன் சாக்கைப் பிரித்ததும் முகம் சுளித்தார். "மோளே, இது மரமல்லே? சூட்டுல வளையும் கேட்டோ."

"சேட்டா, நான் எம்.எஸ்.சி."

இருபது வருடமாக அந்த அடுப்பின் முன்னால் நிற்கும் மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கில் சரி" என்றார், அப்படியானால் சரி என்று. ஏலக்காய்த் தட்டுகளுக்கு மேலே, இந்த மரச்சட்டத்துக்கும் அந்த மரச்சட்டத்துக்குமாகக் கம்புகளை நானே படுக்க வைத்தேன். நடுவில் தாங்க ஒன்றுமில்லை. கீழேயோ ஈர ஏலக்காயின் ஆவி. கதவைச் சாத்திவிட்டு, ஏதோ தடுப்பூசி கண்டுபிடித்தவள் போல ஜீப்பு ஏறினேன்.

மறுநாள் மாமா போனில் கூப்பிட்டார். "ஆத்தா, நாளைக்குக் காலையில மொத ஜீப்புல கம்பெல்லாம் வந்துரும். ஆனா..." மலைச் சிக்னல், அறுந்துவிட்டது. அந்த 'ஆனா'வை நான் கண்டுகொள்ளவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வாளரும் சாக்கு மூட்டையும் ஒரே நேரத்தில் படியேறினார்கள். அவர் முன்னாலேயே பெருமையாக மூட்டையை அவிழ்த்தேன். ஹால் முழுக்கப் பாயச வாசனை. மாஸ்க்கைத் தாண்டி ஆய்வாளர் மூச்சை இழுத்து, "அடடா!" என்றார். அடுத்த நொடி கம்புகள் கண்ணில் பட்டன. பதினொன்றும் குலை தள்ளிய வாழை மாதிரி வளைந்து கிடந்தன. பாதிக் கம்புகளுக்கு நுனியில் ஒட்டியிருந்த தோல் கழன்று விழுந்திருந்தது.

அப்பா தன்னுடைய கம்பை எடுத்து, ஒரு கண்ணை மூடி அதன் நீளத்தைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆய்வாளர் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் சரிதாங்க. ஆனா ஒருத்தர் தொட்ட கம்ப இன்னொருத்தர் தொடக்கூடாது. நீங்க சொன்னா மட்டும் ஆடுறவங்க கேட்டுருவாங்களா? இதுக்கு நான் எப்பிடிச் சரிங்கிறது?"

முடிந்தது, டேபிள் மூணாறுக்குத்தான் என்று நினைத்தேன். அப்போதுதான் பல மாதங்களுக்குப் பிறகு அப்பாவின் பழைய குரல் கேட்டது.

"சார், இங்க ஒருத்தர் கம்புல இன்னொருத்தர் ஆடவே முடியாது. நீங்களே அடிச்சுப் பாருங்க."

கையுறை போட்டிருந்த ஆய்வாளர் ஒரு கம்பை வாங்கி அடித்தார். பந்து இடது பக்கம் ஓடியது. இன்னொன்றை வாங்கி அடித்தார். பந்து டேபிளைத் தாண்டி வாசலுக்கே போய்விட்டது.

"பாத்தீங்களா சார்? ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோணல். ஆளுக்கொரு கம்பு, பேரெழுதிக் குடுத்துருவேன். அந்தக் கோணலுக்குப் பழகவே அவனுக்கு ஒரு மாசமாகும். அடுத்தவன் கம்ப எவன் தொடப்போறான்?"

சொல்லிவிட்டு, தன் வளைந்த கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்துக் குறிவைத்து ஒரு அடி. சிவப்புப் பந்து நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. ஆய்வாளர் மாஸ்க் நழுவும்வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். "உங்க கம்பப் பாழாக்கிட்டேனேப்பா."

"போகுது போ. டேபிள் தப்பிச்சுச்சுல்ல?" என்றார் அப்பா. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கொரோனாக் கட்டுப்பாடுகள் எல்லாம் போன பிறகு நேரான புதுக் கம்புகள் வாங்கினார். கோணல் கம்பு ஒன்றை மட்டும் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிறார். எனக்குக் கல்யாணமாகி மறுவீட்டுக்கு வந்தபோது, ஒன்றும் சொல்லாமல் அதை என் கணவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் அடிக்கிறார், அடிக்கிறார், பந்து சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. வியர்த்துக் கொட்டிய பிறகுதான் அப்பா, ஜோசப் சேட்டனின் 'கேட்டோ' உட்பட, முழுக்கதையையும் ஹாலே கேட்கும்படி சொன்னார்.

"இவ்வளவு கோணலா இருக்கே மாமா, இதை எப்படிச் சமாளிக்கிறது?" என்றார் என் கணவர்.

"எம் மகளையே கட்டியிருக்கீங்க மாப்ளே, இந்தக் கம்பு உங்களுக்கு என்ன பெருசு?"

இப்போதும் ஹாலுக்கு யார் புதிதாக வந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நான் தடுப்பதில்லை. அவர் ஊமையாகத் திரிந்த மாதங்களைப் பார்த்தவள் நான், எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.