எதிர்வீட்டு ஹாலில் தொங்கிய பாய்லர்

உலகத்திலேயே பெர்மிட் வாங்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்க முடியாத வீடு, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர்வீடுதான். அங்கே குடியிருந்தவரை நாங்கள் எல்லோரும் பெர்மிட்காரர் என்றே சொல்வோம். அனல்மின் நிலையத்தில் பாய்லர் பகுதி ஃபோர்மேன். உள்ளே எந்த வேலையைத் தொடங்குவதானாலும் இன்ன இடம், இன்ன ஆள், இன்ன வேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பெயர் பெர்மிட். மனிதர் அந்த வழக்கத்தை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஏணி இரவல் கேட்டுப் போனால் எந்த வேலைக்கு, எப்போது முடியும், கீழே ஏணியைப் பிடிக்கப்போவது யார் என்று விசாரணை நடக்கும். அதற்கு ஒட்டடையோடு வாழ்ந்துவிட்டுப் போகலாம். அவர் மனைவி ரீட்டா அக்கா மிக்சியைக் கழுவ எடுத்தால்கூட, இவர் ஸ்விட்சை அணைத்து, அதன்மேல் 'ஆள் வேலை செய்கிறார்' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டுத்தான் நகர்வார்.

இவர் ஓய்வு பெறும் சமயத்தில் அந்த வீட்டில் சண்டை மூண்டது. ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி, அதே பாய்லரிலேயே வந்து வேலையைப் பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வாடகைக்கு வீடு பிடித்து, பஸ்ஸில் வந்து போகலாம் என்று இவர் கணக்குப் போட்டுவிட்டார். ரீட்டா அக்காவோ சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில் கட்டி முடித்த வீட்டுக்குத் திரை வரைக்கும் தைத்து வைத்திருந்தார். நேரம் கெட்ட நேரத்தில் சைரன் கேட்டால் ஜெபமாலையோடு பிளான்ட் கேட்டுக்கு ஓடுகிற பெண்மணி அவர். எத்தனையோ முறை ஓடியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இவர் சாவகாசமாக டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு வெளியே வருவார்.

"காலம் பூரா சைரனுக்குக் காது குடுத்துகினே இருந்துட்டேன் தம்பி. போதும்" என்று என்னிடம் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயம் கேட்டு முடிவெடுக்கிற மனிதரா அவர்?

அவருடைய கட்சி வேறு. வேலை செய்கிறவர்களின் குடும்பத்தாரை பிளான்ட்டுக்குள் விடமாட்டார்கள். ரீட்டா அக்கா பாய்லரைக் கண்ணால் பார்த்ததில்லை, அதனால்தான் பயம், பார்த்தால் போய்விடும் என்பது அவர் சித்தாந்தம். எனவே பாய்லர் கட்டடத்தை அப்படியே ஹாலில் கட்டிக் காட்டிவிடுவது என்று கிளம்பினார். எதை வைத்து? பிள்ளைகள் விளையாடும் பில்டிங் செட் கட்டைகளை வைத்து.

பெங்களூரிலிருந்து மகள் ஒரு பெட்டி அனுப்பினாள். போதவில்லை. பண்ருட்டியில் உள்ள ஃபேன்சி ஸ்டோர்களை எல்லாம் சலித்தெடுத்தார். சாம்பல் நிறக் கட்டை தீர்ந்துபோனதால் பாய்லர் ரோஸ் கலரிலும் புகைபோக்கி கிளிப்பச்சையிலும் எழும்பின. வர்ணம் அடிக்கலாமே என்று கேட்டு வைத்தேன். பிளானில் இல்லாத வேலையை அவர் செய்வதில்லையாம்.

கட்டி முடித்தால் போதாதா? பாய்லர் தரையில் நிற்கக் கூடாது என்றார். நிஜத்தில் அது நிற்பதில்லையாம். சூடேறினால் நீளும், அது கீழ்ப்பக்கமாக நீள்வதற்கு இடம் விட்டு, உச்சியில் உள்ள கர்டர் என்ற இரும்பு உத்திரத்திலிருந்து மொத்த பாய்லரையும் கம்பிகளில் தொங்கவிட்டிருப்பார்களாம். பொம்மையும் தொங்கித்தான் ஆக வேண்டும். பில்டிங் செட் கட்டையோ அழுத்தினால் பிடிக்கும், இழுத்தால் கழன்றுகொள்ளும். அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறு. முதல் டிசைன் அப்படியே இட்லி மாவுச் சட்டிக்குள் இறங்கியது. இரண்டாவது, துவைத்து மடித்த புடவை மேல்.

"உள்ளே ஒரு நூல் கட்டிடுங்க சார், யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"நூல் கட்டினா அது பொம்மை சார்" என்றார். நான் வேறென்ன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

கடைசியில் ஒரு கட்டையின் தோளில் இன்னொன்று உட்கார்கிற மாதிரி கொக்கி கொக்கியாகக் கோத்து ஒரு டிசைன் போட்டார். பாய்லர் தொங்கியது. ரீட்டா அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, தீர்மானமாகச் சொன்னார். "ஒரு வாரம் தொங்கட்டுங்க. விழலைன்னா நீங்க கான்ட்ராக்ட்டுக்குப் போங்க, நான் வாயைத் தொறக்க மாட்டேன். விழுந்தா லாரி புடிங்க, ஊருக்குப் போலாம்."

நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வாரம் எங்கள் பிளாக்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. மே மாத வெயிலில் அவர் வீட்டு ஃபேன் ஓடவில்லை. சொக்காய் நனைய நனைய நான் அங்கே உட்கார்ந்து பாய்லரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரீட்டா அக்கா நேர்மையானவர், கிட்டே வந்து ஊதக்கூட இல்லை. ஆனால் மாவாட்டுவதை யார் தடுக்க முடியும்? கிரைண்டர் ஓடும்போதெல்லாம் தரை அதிர்ந்து, ரோஸ் கலர் பாய்லர் கிடுகிடுவென்று நடுங்கும். பெர்மிட்காரர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருப்பார். கிரைண்டர் நின்றதும் அவரும் நானும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவோம்.

இரண்டு பக்கமும் என்னைக் கவனித்துக்கொண்டார்கள். அக்கா மீன் குழம்பு கொடுத்தார். இவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏணியைக் கொடுத்தார். அப்போதுதான் மனிதர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. அந்த வேலையை விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசி நாள், சனிக்கிழமை மதியம். மைன்ஸில் பாறைக்கு வெடி வைக்கும் நேரம். வெடித்தால் எங்கள் பக்கம் ஜன்னல் கண்ணாடியெல்லாம் படபடக்கும். மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து சுவரிலிருந்து ஒரு பல்லி இறங்கி, கட்டைக் கர்டரில் ஏறி, பாய்லர் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. கொழுத்த பல்லி. விரட்டினால் துள்ளும், துள்ளினால் போச்சு. பெர்மிட்காரரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அக்காவின் உதடுகள் அசைந்தன. எதற்காக வேண்டிக்கொள்கிறார் என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை.

வெடித்தது. ஜன்னல் அதிர்ந்தது. பல்லி பாய்ந்து ஓடியது. பாய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மறுபக்கம் போனது, கிரீச்சென்றது. கிளிப்பச்சைப் புகைபோக்கியின் நுனி மட்டும் கழன்று உருண்டது. பாய்லர் மெல்ல மெல்ல ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு தொங்கியது.

"தொங்குது" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து மனைவியைக் கைப்பிடித்து அழைத்துப்போய், குனிந்து பார்க்கச் சொன்னார். இங்கே கரி வரும், இங்கே எரியும், இதோ இந்தத் தொட்டியில் சாம்பல் விழும் என்று காட்டிக்கொண்டே வந்தார். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாய்லரின் அடியில் எதையோ உற்றுப் பார்த்தார். அங்கே மஞ்சள் ஹெல்மெட்டோடு விரல் நக அளவுக்கு ஒரு பொம்மை ஆள் நின்றிருந்தான்.

"இது யாருங்க?"

"நான்தான்" என்றார் பெருமையாக. "ரவுண்ட்ஸ் வந்தா அங்கதான் நிப்பேன்."

"இது மேல தொங்கிகினு இருக்க, நீங்க அடியில நின்னுகினு இருந்தீங்களா? இத்தினி வருஷமா?"

அவர் வாயைத் திறந்தார். கம்பிகள் எவ்வளவு பலம் என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிளானில் தன்னை மட்டும் விட்டுவிட்டிருந்தால் ஜெயித்திருப்பார். உள்ளதை உள்ளபடி கட்டுகிற மனிதருக்கு அது எப்படி முடியும்?

ரீட்டா அக்கா இரண்டு விரலால் அந்த ஆளை அலுங்காமல் வெளியே எடுத்தார். முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க. பாய்லர் நல்லாத் தொங்குது, தொங்கட்டும். இந்த ஆளை மட்டும் நான் வூட்டுக்கு இட்டுகினு போறேன்."

பெர்மிட்காரர் பாய்லருக்கு அடியில் இருந்த வெறும் இடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரி ரீட்டா" என்றார்.

அடுத்த மாதம் மேல்பட்டாம்பாக்கத்துக்கு லாரி கிளம்பியது. இப்போது எதிர்வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, தெரு நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.