மாமியாரின் வடையும் மாநகரத்தின் வளர்ச்சியும்

வாயை அடக்கத் தெரியாதவர்கள் புவியியல் படிக்கக் கூடாது. மற்ற படிப்புகளில் இந்த ஆபத்து இல்லை. ரசாயனம் படித்தவர் யாரும் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, நீங்கள் இன்ன அமிலம் என்று சொல்வதில்லை. நகரங்கள் எப்படி வளர்கின்றன என்று படிப்பவளுக்கு மட்டும்தான் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வீடே பாடமாகிவிடுகிறது.

எம்.ஏ. முடித்து அந்த விஷயத்தில்தான் நான் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருந்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு வரும் வியாதி எனக்கும் வந்தது. திருவொற்றியூரில் பஸ்ஸுக்கு நின்றால்கூட, பக்கத்தில் நிற்பவரிடம் அந்தத் தெரு ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்று விளக்குவேன். (அவர்கள் அவசரமாக ஏறிப்போன பஸ் அவர்களுடைய பஸ்ஸே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.)

வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல, கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு வேண்டாம் என்றார்கள். கடைசியாக ராயபுரத்திலிருந்து ஒரு வரன். பெயர் அருள், ரயில்வேயில் வேலை. "படிக்கட்டுமே, நல்லதுதானே" என்று அவர் சொன்னதாகத் தகவல் வந்தது. அந்த ஒரு வரியிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. போட்டோவைப் பிறகுதான் பார்த்தேன். (அதுவும் பரவாயில்லை.) அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: இது தட்டிப்போனால் அடுத்து வருகிற வரனுக்குத் தலையாட்டிவிட வேண்டும், படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அம்மா என்னைச் சமையலறையில் நிறுத்தி எச்சரித்தார்.

"இன்னா படிக்கிறன்னு கேட்டா எம்.ஏ.ன்னு சொல்லிட்டு வாய மூடிக்கினு குந்து. ஊரு, தெருவுன்னு ஆரம்பிச்ச, அப்பால நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

தலையை ஆட்டினேன். அந்த நிமிஷம் உண்மையாகவே அப்படித்தான் இருப்பதாக இருந்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். அருள், ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, பேசவே பேசாத அவருடைய அப்பா, அவருக்கும் சேர்த்துப் பேசுகிற அம்மா பிலோமினா. வடை, மிக்சர், கேசரி வைத்த தட்டை மடியில் வாங்கிக்கொண்டு பிலோமினா அம்மாள் கேட்டார்:

"இன்னாம்மா படிச்சிகினு கீற?"

"எம்.ஏ. முடிச்சிட்டேன் ஆன்ட்டி."

அம்மா மூச்சு விட்டார்.

"அது தெரியுமே. அதுல இன்னாத்தப் படிச்ச?"

"ஊர் எப்படி வளருதுன்னு."

"மெய்யாலுமா? ஊரு வளருமா? எப்டி வளரும்?"

அதுவரை என் வாழ்க்கையில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பேராசிரியர்கூட வேறு வழியில்லாமல்தான் கேட்பார். "தண்ணி எடுத்தாம்மா" என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

"தாங்க ஆன்ட்டி, காட்டறேன்" என்று அவர் மடியிலிருந்த தட்டை வாங்கி டீப்பாய் மேல் வைத்தேன். வடையை நடுவில் நகர்த்தினேன். "இதான் ஹார்பர், பாரிஸ் கார்னர். ஊர் இங்க ஆரம்பிச்சு வட்டம் வட்டமா வெளிய போகும்." மிக்சரை வடையைச் சுற்றி ஒரு வட்டமாகப் பரப்பினேன். கேசரியை உருட்டி ஓரமாக வெளிவட்டம் கட்டினேன். "கேசரியில வசதியானவங்க இருப்பாங்க. ஆனா நமக்குக் கிழக்கே கடல் இருக்கா? அதனால சென்னைக்குப் பாதி வட்டம்தான்."

இப்படிச் சொல்லி வடையை இரண்டாகப் பிட்டேன். கடலில் ஊர் கிடையாது என்பதை விளங்கவைக்க, ஒரு பாதியை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

(பெண் பார்க்க வந்தவர் தட்டிலிருந்து வடையை எடுத்துத் தின்ற பெண் தமிழ்நாட்டில் வேறு யாராவது இருந்தால் சந்திக்க ஆசைப்படுகிறேன்.)

"நம்ம வூடு இதுல எங்கம்மா கீது?" பிலோமினா அம்மாள் இன்னும் ஆர்வமாகத்தான் இருந்தார்.

வடையை வாயில் அதக்கிக்கொண்டே மிக்சரில் விரலை வைத்தேன். "ராயபுரம் இங்க ஆன்ட்டி. இதுக்கு மாறும் வட்டம்னு பேரு. பழைய வீடு, குடோன், லாரின்னு கலந்து கிடக்கும். வசதி வந்தவங்கல்லாம் கேசரிக்குப் போயிடுவாங்க. போக வழியில்லாதவங்க மட்டும் அங்கயே தங்கிடுவாங்க."

பிலோமினா அம்மாள் தட்டிலிருந்து பார்வையை எடுத்தார்.

"நாங்க நாலு தலமொறயா அங்கதாம்மா கீறோம்" என்றார் மெதுவாக.

புத்தியுள்ள எந்தப் பெண்ணும் அங்கே நிறுத்தியிருப்பாள்.

"அப்ப கரெக்ட்டா இருக்கு ஆன்ட்டி" என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிலோமினா அம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். "எந்திரி அருளு. வழியில்லாதவங்களுக்கு இங்க இன்னா வேல?"

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே தெரிந்தது. ஆராய்ச்சி போச்சு. படிக்கட்டுமே என்ற ஒரே ஆளும் போகப்போகிறார். வாயில் பாதி வடையோடு எனக்கு அழுகை வந்தது. அழுதேன். வடையோடு அழுவது பார்க்க நன்றாக இருக்காது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அருள் எழுந்திருக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகங்க. எங்க தாத்தா கட்டுமரம் வுட்டுகினு இருந்தது, நீங்க துன்னுட்டீங்களே, அந்தப் பாதியிலதான். அதுக்கு இன்னா வட்டம்?"

எனக்குத் தெரியவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வடையை விழுங்கிவிட்டு, "அது இன்னும் யாரும் எழுதல" என்றேன்.

அவர் தன் அம்மா பக்கம் திரும்பினார். "அப்ப இவங்களே எழுதட்டும்மா. அதுக்காவது படிக்கணும்ல?"

பிலோமினா அம்மாள் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டில் மிச்சமிருந்த பாதி வடையைப் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

"நம்ம வூட்டுக்கே வர்ட்டும். வழி கீதா இல்லியான்னு அவளே பாத்துக்கட்டும். இப்ப எனக்கு இன்னொரு வடை எடுத்தாரச் சொல்லு."

இப்படித்தான் என் கல்யாணம் நிச்சயமாயிற்று. ராயபுரத்தில் அதே வீட்டில் உட்கார்ந்துதான் கடல் பக்கத்து அரை வட்டத்தைப் பற்றி எழுதி ஆராய்ச்சியை முடித்தேன். இன்றைக்கும் வீட்டில் வடை சுட்டால் மாமியார் ஒன்றைப் பிட்டுப் பாதியை என் தட்டில் போட்டு, "தா, கடலு, துன்னு" என்பார். விருந்தாளிகள் விழிப்பார்கள். அவர்களுக்கு முழுக் கதையும் சொல்லப்படும். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தக் கதையில் நான் இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதிருப்பேன்.

போன மாதம், நான் இப்போது பாடம் நடத்தும் கல்லூரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று தெற்கே ஒரு அடுக்குமாடி வீட்டைப் போய்ப் பார்த்தோம். அகலத் தெரு, மரங்கள், லாரித் தூசி இல்லை. அசல் கேசரி. திரும்பி வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டார். "வசதிதான் வந்துட்ச்சே, இன்னாத்துக்குப் போவல?"

"போக வழியில்ல அத்தை" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப கரெக்ட்டா கீது" என்றார்.