வரிப் படிவத்தில் நானும் சம்மந்தியம்மாவும்

அஜின்கோர்ட்,
ஏப்ரல் 14

அன்புள்ள தம்பி தியாகலிங்கத்துக்கு அண்ணன் சிவபாதம் எழுதிக்கொள்வது. மொன்றியலில் நீயும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நானும் சுகம் என்றுதான் நேற்றுப் பகல் பதினொரு மணி வரைக்கும் நினைத்திருந்தேன்.

மகள் பிரதீபா வீட்டுக்கு நான் குடிவந்து இரண்டு வருடமாகிறது. சும்மா வரவில்லை. மருமகன் துஷாந்தின் தாயார் யோகராணியம்மாவும் இங்கேதான் இருக்கிறார். "அப்பா, மாமி விழுந்திடுவா. நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போறம். நீங்கள்தான் அவவைப் பாக்கவேணும்" என்று மகள் கெஞ்சியபடியால் வந்தேன். அன்றிலிருந்து அவருக்கு மருந்துக் குளிசை எடுத்துக் கொடுப்பதும், படி இறங்கும்போது முன்னால் நிற்பதும், காலையில் கையைப் பிடித்துப் பூங்காவைச் சுற்றி நடத்திக்கொண்டு வருவதும் என் வேலை. ஒரு நாள் லீவு எடுத்ததில்லை.

நேற்றுப் பிரதீபா வரிக் கணக்குக் கொடுக்கக் கணக்காளர் ஸ்ரீதரனிடம் போனாள். நானும் காரில் ஏறினேன். வீட்டோடு தங்கி நோயாளியைப் பராமரித்தால் வரிச்சலுகை உண்டென்று வானொலியில் கேட்டிருந்தேன். இரண்டு வருட உழைப்பு, கேட்டுப் பார்ப்பதில் என்ன வெட்கம் என்று கேட்டே விட்டேன்.

"ஓம் அங்கிள், இருக்கு," என்றார் அவர். "ஆனா பாக்கப்படுற ஆள் உடம்புக்கோ மனதுக்கோ ஏலாத ஆளாயிருக்கவேணும். அவருக்கு வாற வருமானமும் ஒரு அளவுக்கு மேல போகக்கூடாது."

"சம்மந்தியம்மாவுக்கு ரெண்டும் பொருந்துது," என்றேன்.

அவர் கணினியைப் பார்த்தார். பிறகு பிரதீபாவைப் பார்த்தார். பிரதீபா தன் கைப்பையைப் பார்த்தாள்.

"அன்ரியைத் துஷாந்த் தன்ர படிவத்திலை போட்டிருக்கிறார் அங்கிள். உங்களைப் பிரதீபா போட்டிருக்கிறா."

"என்னை என்னவாக?"

"பாக்கப்படுற ஆளாக. போன வருசமும் அப்பிடித்தான். மறதி எண்டு டொக்டரின்ர கடிதம் இருக்கு."

தம்பி, முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான், பதினாறாம் வாய்ப்பாட்டை இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வேன், எனக்கா மறதி? அந்த டொக்டரிடம் நான் போனது முழங்கால் நோவுக்கு. என்ன கிழமை என்று கேட்டார், பிரதமர் யார் என்று கேட்டார், பென்சிலைத் தந்து தாளில் ஒரு மணிக்கூடு கீறச் சொன்னார். பாவம், பேச்சுத் துணைக்கு ஆளில்லாத மனிதர் என்று நினைத்துக் கீறிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே யோகராணியம்மாவிடம் முறையிட்டேன். அவர் அசையவில்லை.

"உங்களுக்கு இப்பதான் சொன்னவையே?" என்றார். "நீங்கள் வர முந்தியே எனக்குச் சொல்லிப்போட்டினம். 'அம்மா, மாமா வழி மாறிப் போயிடுவார், நீங்கள்தான் அவரைப் பாக்கவேணும்' எண்டு மகன் கெஞ்சினவன். நான் என்ர பாட்டுக்கு நடப்பன். உங்களைத் துலைச்சுப்போடக் கூடாதெண்டுதான் கையைப் பிடிக்கிறனான்."

"நீங்களும் அந்தப் படிவத்திலை இருக்கிறியள். விழுந்திடுவியளாம்," என்றேன்.

"ஆர், நானோ?" என்று எழும்பியவர் இந்த நிமிடம் வரை மகனோடு பேசவில்லை.

இரண்டு வருடமாக அந்தப் பூங்காவில் யாரை யார் கூட்டிக்கொண்டு போனது என்று எனக்கு விளங்கவில்லை. குளிசை கொண்டுவரச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதெல்லாம் நான் என் குளிசையை மறக்காமல் போடுவதற்காகவாம்.

ஆகவே இந்த வீட்டில் இனி இருப்பதாக இல்லை. உன் மேல்மாடி அறையை ஆயத்தமாக வை. வரும் மாதம் முதல் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவேன். உனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. பிரதீபாவுக்கும் உண்டு, ஆனால் அதை அவளிடம் சொல்லிவிடாதே.

நினைவு தெளிவாக உள்ள உன் அண்ணன்,
சிவபாதம்

பி.கு.: இதைச் செவ்வாய்க்கிழமை தபாலில் போட்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. உறையில் உன் பெயரை எழுதி, கீழே என் விலாசத்தை எழுதியிருக்கிறேன். அதைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்துவந்தவர் யோகராணியம்மா. "பிள்ளையளுக்கு நான் சொல்லேல்லை" என்றார். இந்தப் புது உறையில் இருப்பது அவருடைய கையெழுத்து. வரும் மாதம் அந்தச் சனிக்கிழமை நீ பஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம். அன்று காலை எங்களுக்கு நடை இருக்கிறது.