எபனேசர் வாத்தியாருக்கு ஒரு ஹேபியஸ் கார்ப்பஸ்

“சாவி இன்ஸ்பெக்டர் ஐயாகிட்டல்லா இருக்கு. அவுக நேத்தே மாத்தலாகி ஓட்டப்பிடாரம் போய்ட்டாக” என்றார் ஏட்டு மந்திரமூர்த்தி.

ஞானபாய் தூக்குச்சட்டியோடு நின்றாள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் எபனேசர் வாத்தியார் சட்டையைக் கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவில் தேங்காய்மூடி அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது.

1942 ஆகஸ்டு கடைசி. ஜப்பான்காரன் கப்பல் எப்போது வருமோ என்று தூத்துக்குடியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வாத்தியார் பூகோளப் பாடத்துக்காகக் கடற்கரையில் உட்கார்ந்து துறைமுகத்தைப் படம் வரைந்தார். வேவுகாரர் என்று பிடித்து உப்பளத்து அவுட்போஸ்ட்டில் வைத்துவிட்டார்கள். அவருக்கு இளைப்பு உண்டு. உப்புக்காற்றில் ராத்திரி முழுக்க மூச்சு சீட்டியடிக்கும், விடியற்காலையில்தான் கண்ணயர்வார். மழை தொடங்குமுன் அவரை வெளியே கொண்டுவராவிட்டால் என்ன ஆகும் என்று ஞானபாய் நினைக்கத் துணியவில்லை.

“உத்தரவு ஏதும் எழுதினாகளா, ஏட்டையா?”

“உள்ள வைக்க வாய்ச்சொல் போதும்மா. வெளிய விடத்தான் எழுத்து வேணும்.”

அவள் ஓட்டப்பிடாரம் போனாள். அது வினையாயிற்று. வாத்தியாரையே மறந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு ஞாபகம் வந்து, ‘பூட்டில் எவனும் கை வைக்கக் கூடாது’ என்று ஏட்டுக்குச் சீட்டு எழுதினார். சாவியை எங்கே வைத்தார் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

பிறகு தலைமையாசிரியரிடம் நற்சாட்சி வாங்கி வந்தாள். ‘இவர் வரையும் படங்கள் இம்மியும் பிசகாதவை’ என்று அவர் மனதார எழுதியிருந்தார். ஏட்டு அதை இரண்டு முறை படித்தார். மறுநாள் கதவுக்கு மூன்றடி தள்ளிச் சுண்ணாம்புக்கோடு விழுந்தது. சோற்றை ஏட்டே வாங்கிக் கம்பி வழியாகக் கொடுத்தார்.

“நீ கவலைப்படாத, ஞானம்” என்றார் வாத்தியார், சுண்ணாம்புக்கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. “காலைல எந்திரிக்கையில அறை பெருக்கி, பானைல புதுத் தண்ணி இருக்கு. குறை சொல்லப்படாது.”

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இளைத்தார்.

அன்றே அவள் வக்கீல் வில்பிரட்டைப் பார்த்தாள். சென்னை ஹைக்கோர்ட்டில் ஹேபியஸ் கார்ப்பஸ் மனு போடலாம், எந்தச் சட்டப்படி ஆளைப் பிடித்து வைத்தாய் என்று கோர்ட்டே சர்க்காரைக் கேட்கும் என்றார் அவர். கோர்ட்டும் கேட்டது. ‘அப்படியொருவர் எங்கள் பதிவேட்டில் இல்லை’ என்று பதில் வந்தது.

ஞானபாய் வக்கீலைப் பார்த்தாள். இல்லாத மனிதரை யார் விடுவிப்பார்கள்?

வக்கீல் அசரவில்லை. போட்டோக்காரரைக் கூட்டிவந்து, சுண்ணாம்புக்கோட்டுக்கு வெளியே நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். “பூட்டு நல்லா விழணும்வே. அதுதான் நமக்குச் சாட்சி.” பூட்டு அருமையாக விழுந்திருந்தது. வாத்தியார் முகம்தான் கொஞ்சம் மங்கல்.

நீதிபதிகள் படத்தைப் பார்த்தார்கள். எந்த உத்தரவும் இல்லாமல் ஒரு மனிதரைப் பூட்டி வைத்தது சட்டவிரோதம், உடனே விடுதலை செய்க என்றார்கள்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை உத்தரவு வந்தது. வானம் கறுத்திருந்தது. ஏட்டு எழுந்து நின்று படித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

“சாவி?” என்றார் வக்கீல்.

“இன்னும் கெடைக்கலியாம்.”

“அப்பப் பூட்டை உடையும்வே.”

“இதுல ஆளை விடச் சொல்லித்தான் போட்டிருக்கு. சர்க்கார் பூட்டை உடைக்கச் சொல்லலியே.”

வக்கீல் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. இதற்கு இன்னொரு மனு போட வேண்டியிருக்கும், ஒரு மாதம் ஆகலாம் என்றார். முதல் தூறல் விழுந்தது. உள்ளே வாத்தியார் இருமினார். ஞானபாய் சுண்ணாம்புக்கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவுட்போஸ்ட்டைப் பெருக்குகிற சுடலைமாடத்தி அன்று நேரங்கழித்து, நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் விளக்குமாறு, ஒரு கையில் தண்ணீர்க் குடம். கோட்டைத் தாண்டிப் போய் இடுப்பால் கதவை ஒரு தள்ளுத் தள்ளினாள். கதவு திறந்துகொண்டது. பூட்டு அதிலேயே தொங்கி ஆடியது.

எல்லோரும் பார்ப்பதைக் கண்டு அவள் திரும்பினாள்.

“உப்புக்காத்துல நெலையில இருந்த கொண்டி இத்து விழுந்து ஒரு வருசமாச்சு. தெனமும் விடியக்காலம் நான் எப்படி உள்ள போயிப் பெருக்குதேன்னு நெனச்சிய?”